தடைக்காலத்தில் மகளுக்குச் சோறு ஊட்டியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருகட்டும் என்று அரசு விதிக்கிற தடை. படகு போகாவிட்டால் ஐஸும் வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் நான் கணக்கு எழுதுகிற ஐஸ் கம்பெனியில் அந்த இரண்டு மாதமும் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டுச் சரிபார்க்கிற வேலைதான் நடக்கும். நான் வாரத்தில் ஒரு நாள் போய் எட்டிப் பார்த்தால் போதும்.

இந்த வருடம் தடைக்காலம் தொடங்கியபோது என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. மனைவி ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. இடையில் பாப்பாவுக்குப் பிழிந்து வைத்த தாய்ப்பாலும் சாப்பாடும். சாப்பாட்டை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால் போக முடியாது. "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். எட்டு, ஒன்பது மாதப் பிள்ளை வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்றால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததிலிருந்து பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எல்லாம் மிக்சி வழியாக. சோறு, பருப்பு, கேரட் எதுவானாலும் ஒன்றாகப் போட்டு ஓட்டி, கூழாக்கி, கரண்டியால் ஊட்டுவோம். சின்னக் கட்டி தட்டுப்பட்டால்கூட வடிகட்டிவிடுவோம். அதுதான் நல்ல பக்குவம் என்று நினைத்திருந்தோம். அங்கன்வாடியில் எடை போடப் போன அன்று எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர், நாங்கள் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர், கேட்டார்: "இன்னும் கூழ்தானா தம்பி? இனிமே மிக்சியைத் தூக்கிப் பரண்ல வைங்க. கையால மசிச்சாப் போதும்."

கீழே இரண்டு பல்தானே முளைத்திருக்கிறது என்றேன். கையைக் கழுவிவிட்டு ஈறைத் தொட்டுப் பாருங்கள் என்றார். வைத்த விரலை அவள் கடித்த கடியில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மெல்லுவதும் ஒரு பழக்கம்தான் என்று அவர் விளக்கினார். நாக்கால் உணவை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், ஈறால் நசுக்க வேண்டும், திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து விழுங்க வேண்டும். பிள்ளை இதைச் செய்து செய்துதான் கற்றுக்கொள்ளும். ஒன்பது, பத்து மாதம் தாண்டியும் கூழாகவே கொடுத்துக்கொண்டிருந்தால், பிறகு கட்டியான சாப்பாட்டைக் கண்டாலே துப்புகிற பிள்ளையாகிவிட வாய்ப்பு அதிகம். எட்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே கையில் எடுத்துத் தின்கிற உணவுக்குத் தயாராகிவிடுகிறார்கள். ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுகிற வகைகளையே சாப்பிட முடியும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். அந்த நாலு மாதத்தில் இரண்டு மாதம் என் கையில் வந்து விழுந்திருந்தது.

முதல் நாள் இட்லி. விரல் நீளத்துக்குக் கிள்ளி அவள் முன்னால் வைத்தேன். முழு உள்ளங்கையாலும் பிடித்து, பாதியை நசுக்கி, மீதியை வாயில் வைத்தாள். இரண்டாவது வாயில் ஓக்கென்று குமட்டிக்கொண்டு வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, நாக்கு வெளியே தள்ளியது. பதறிப்போய் வாய்க்குள் விரலை விடப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "விடுய்யா, அதுவே துப்பும்." துப்பினாள். துப்பின துண்டையே எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

குமட்டலுக்கும் தொண்டை அடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அன்றைக்கு இரவுதான் சரியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்பே படித்திருக்க வேண்டியது. கைக்குழந்தைக்குக் குமட்டல் நம்மைவிட நாக்கின் முன்பக்கத்திலேயே தொடங்கிவிடும். அது அவர்களுக்கு இயற்கை வைத்திருக்கிற காவல். குமட்டுகிற பிள்ளை சத்தம் போடும், இருமும், சிவக்கும். அப்போது கையை வாய்க்குள் விட்டால் முன்னால் வந்துகொண்டிருக்கிற துண்டை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். மூச்சுக்குழாய் அடைத்த பிள்ளைக்குச் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அமைதியாக இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டு காதை மட்டும் கொடுத்திருந்தால் தெரியவே தெரியாது.

உட்கார்ந்துதான் சாப்பாடு என்பதை அந்த வாரமே உறுதியாக்கிக்கொண்டோம். அதற்கு முன்னால் தொட்டிலில் படுத்தபடி, இடுப்பில் சாய்ந்தபடி, கடற்கரையில் காக்கா காட்டிக்கொண்டே என்று எப்படியெல்லாமோ ஊட்டியிருக்கிறோம். முன்பக்கம் தடுப்பு வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினேன். கால் தொங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை. முதுகு நேராக, தலை நேராக. சிரிக்க வைக்கிற விளையாட்டு, போன் இரண்டும் அந்த நேரத்தில் கிடையாது.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு நர்ஸம்மா சொன்ன சோதனை எளிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். லேசான அழுத்தத்தில் மசிந்தால் ஈறிலும் மசியும். அவித்த சீனிக்கிழங்கு, பூசணி, கனிந்த பப்பாளி, வாழைப்பழம், இடியாப்பம், நன்றாக வெந்த முட்டை எல்லாம் இதில் தேறின. முருங்கைக்காயின் உள்சதையை வழித்து நாரைப் பார்த்து எடுத்துவிட்டால் அதுவும். பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, தேங்காய்ச் சில்லு, கடலை, பொரிகடலை, முறுக்கு எதுவும் தேறாது. பிள்ளைக்கு முன்பல் இருந்தால் கடித்து எடுத்துவிடும், ஆனால் அரைக்கிற கடைவாய்ப்பல் ஒரு வயதுக்கு மேல்தான் வரும். கடித்த துண்டு முழுசாகவே தொண்டைக்குப் போகும். திராட்சையை முழுசாகக் கொடுக்கவே கூடாது, நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். சீதாப்பழ விதை, புளியங்கொட்டை மாதிரி தரையில் கிடப்பவையும் இதே கணக்குதான். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் தினமும் இரண்டு முறை கூட்டிவிட்டேன்.

அடுத்தது உப்பும் காரமும். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாய் இல்லாத குழம்பை அம்மா குழம்பாகவே எண்ண மாட்டார். பிள்ளைக்கென்று தனியாக ஒரு சமையல் என்றால் முழங்கால் வலியோடு அவருக்கு அது பெரும்பாடு, எனக்கும் சமையல் பெரிதாக வராது. அதனால் சட்டி ஒன்றுதான், பாப்பாவின் பங்கை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதை மட்டும் மாற்றுவோம் என்று பேசி முடிவு செய்தோம். பருப்பு, மஞ்சளும் பூண்டும் சேர்ந்து வெந்ததும் இரண்டு கரண்டி அவளுக்கு. அதற்குப் பிறகுதான் உப்பு, மிளகாய், புளி. முருங்கைக்கீரையை அந்தப் பருப்பிலேயே போட்டு வேகவைத்தால் அவளுக்கும் ஆச்சு. சொதி வைக்கிற நாளில் வெங்காயம், மஞ்சள், தேங்காய்ப்பால், மீன் வரைக்கும் அவள் பங்கு. பச்சை மிளகாயும் உப்பும் பிறகு. சோறு மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் குழைய வைத்துக் கையால் மசித்தேன்.

அம்மாவுக்கு உப்பு விஷயம்தான் மனசுக்கு ஒப்பவில்லை. "உப்பில்லாம எப்படிப் பிள்ளைக்கு இறங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான், அவர் வளர்த்த நாலு பிள்ளைக்கும் உப்புப் போட்டுத்தான் ஊட்டியிருக்கிறார். ஒரு வயது வரை சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் அளவுக்கு முதிர்ந்திருக்காது, பிள்ளைக்கு வேண்டிய உப்பு தாய்ப்பாலிலும் உணவிலும் இயல்பாகவே இருக்கிறது என்று விளக்கினேன். பாப்பா உப்பில்லாத பருப்பை வழித்து நக்கிய பிறகுதான் கேட்பதை நிறுத்தினார். தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கருவாடு. ஊறவைத்துக் கழுவினால் உப்புப் போய்விடும் என்று ஒரு நாள் ஒரு துண்டு கொண்டுவந்தார். போகாது. நாக்கில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும்.

கருப்பட்டிக்கும் இந்த ஒரு வருடம் விடுமுறை கொடுத்துவிட்டோம். கருப்பட்டி மருந்து என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர், எனக்கும் அது உயிர். ஆனாலும் இனிப்பு இனிப்புதான், அது பழகிவிட்டால் பூசணியும் கீரையும் பிள்ளைக்கு ருசிக்காது. தேனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும், காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பாப்பா பிறந்தபோது சேனை வைக்க, அதாவது நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்க என்று தேன் கொண்டுவந்த உறவுக்காரரிடம் மனைவி படுக்கையில் இருந்தபடியே வேண்டாம் என்று சொன்னாள். வருத்தப்பட்டார்தான். அது இப்போது சரியாகிவிட்டது.

இனி மீன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கடற்கரையில் இருந்துகொண்டு ஒரு வயது வரை பிள்ளைக்கு மீனே காட்டாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. முள் பயம். சிலருக்கு, மீன் கொடுத்தால் தோலில் கரப்பான் புண் வரும் என்ற எண்ணம். ஆனால் தாயிடமிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்குமேல் குறையத் தொடங்கிவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. வெறும் கஞ்சியிலும் கிடையாது. மீன், முட்டை, ஈரல் மாதிரி எதையாவது கொடுத்தே ஆக வேண்டும். கீரை, பருப்பில் இருக்கிற இரும்பும் மீனோடோ ஈரலோடோ சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும், இரண்டு சொட்டு எலுமிச்சையும் உதவும். இதற்குக் கடலோரத்தில் இருக்கிற நாம் எங்கே போய் எதை வாங்க வேண்டும்?

தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது. நாட்டுப்படகும் கரைவலையும் உண்டு. காலையில் வடகடல், அதாவது ஊருக்கு வடக்கே இருக்கிற கடல் பக்கம் போனால் கொஞ்சமாக, புதுசாகக் கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனால் எட்டு மாதப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு கிழங்கான் போதும். நான் நாலு வகை செய்துபார்த்தேன், கிழங்கானுக்கு ஈடு எதுவும் இல்லை. வெள்ளைச் சதை, மெத்தென்று வேகும், வாடை குறைவு, நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் ஒரே சீராக வரும். விளமீனும் நல்லது, பெரிய மீனில் முள்ளும் பெரிது என்பதால் கண்ணுக்கு அகப்படும். காரலும் சூடையும் ருசியில் குறைந்தவை இல்லை, சத்திலும் இல்லை, ஆனால் மயிர் மாதிரி முள். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

நான் செய்தது இப்படி. மஞ்சள் தடவிய மீனை ஆவியில் அவித்து, ஆறவிட்டு, நடுமுள்ளை எடுத்துவிடுவேன். வயிற்றுப் பக்கத்தில் விலா முள் இருக்கும், அதை எனக்கு வைத்துக்கொண்டு முதுகுச் சதையை மட்டும் அவளுக்கு எடுப்பேன். அகலமான எவர்சில்வர் தட்டில் அதை மெல்லிசாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சிட்டிகை சிட்டிகையாக நசுக்கிப் பார்ப்பேன். முள் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. நான் பார்த்து முடித்ததும் தட்டு அம்மாவிடம் போகும். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாதவர், நான் விட்ட முள்ளை மூன்று முறை விரலாலேயே கண்டுபிடித்தார். இரண்டு கை பார்க்காத மீன் பாப்பாவுக்குக் கிடையாது என்பது அதிலிருந்து வீட்டு வழக்கமாகிவிட்டது. அவசரமான நாளில் மீனே வேண்டாம், முட்டை போதும்.

நமக்கு முள் குத்தினால் ஒரு சோற்று உருண்டையை விழுங்குவோம். பிள்ளைக்கு அந்த வைத்தியம் கூடவே கூடாது. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் அழுதால் நேராக மருத்துவரிடம்தான்.

சுறாவில் முள்ளே இல்லையே, புட்டுச் செய்து கொடுக்கலாமே என்று அம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்கிற மீன். கடலில் இருக்கிற பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போய் அதன் சதையில் தங்கும். வளர்கிற மூளைக்கு அது ஆகாது. குழந்தைகளுக்குச் சுறா வேண்டாம் என்று பல நாட்டு சுகாதாரத் துறைகள் சொல்லியிருக்கின்றன. அதனால் அவளுக்குச் சின்ன மீன்தான்.

ஐஸ் கம்பெனிக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். சாளை, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் பிடித்தவுடன் ஐஸில் போகாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். சாப்பிட்டால் முகம் சிவந்து அரிப்பும் வாந்தியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று நாங்கள் படகுக்காரர்களிடம் சொல்வது விற்பனைக்காக மட்டும் இல்லை. பிள்ளைக்கு வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை திரும்ப எழும்புகிற மீனாகப் பாருங்கள். வண்டியில் ஐஸ் இல்லையென்றால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

மீன், முட்டை, வேர்க்கடலை மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை. தள்ளிப் போடுவதில் லாபமில்லை என்பதுதான் இப்போதைய மருத்துவர்களின் கருத்து. ஒரு நேரத்தில் ஒன்று, முதல் நாள் கால் கரண்டி, காலை வேளையில், அப்புறம் இரண்டு மூன்று நாள் கவனிப்பு. வேர்க்கடலையை முழுசாக இல்லாமல், வறுத்து மாவாக அரைத்துக் கஞ்சியில் கலந்தேன். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுத்தால் நேரே 108. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மே மாதத்தில் ஒன்பது மாதத் தடுப்பூசி போடப் போனோம். தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும். அன்று கூட்டம் குறைவு. தொண்டையில் அடைத்தால் என்ன செய்ய என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். துண்டைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி பிடித்துச் செய்துகாட்டினார், என்னையும் செய்யச் சொன்னார். நான் செய்தேன். "இன்னொருக்கா" என்றார். மூன்று முறை செய்ய வைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்புளி பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். பனைமரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். வாசலிலேயே நுங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். பாப்பா திண்ணையில் மனைவியின் மடியில். ஒரு பெரியவர், பாசத்தோடுதான், இளநுங்கு ஒன்றை முழுசாக அவள் வாயில் வைத்தார். மனைவி "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அவள் அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரும் நுங்கைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் மட்டும் என்னைப் பார்த்தது. உதட்டோரம் நிறம் மாறுவதைப் பார்த்தேன்.

நான் உட்கார்ந்து, என் முன்கையை என் தொடைமேல் வைத்து, அதன்மேல் அவளைக் குப்புறப் போட்டேன். தலை நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், தாடையை விரலால் தாங்க வேண்டும், கழுத்தை அழுத்தக் கூடாது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் நுங்கு தரையில் விழுந்தது. உடனே அழுதாள். ஓர் அழுகையைக் கேட்க அதற்கு முன்னால் நான் அவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை.

ஐந்து அடியிலும் வராவிட்டால் பிள்ளையைத் திருப்பி மல்லாக்கப் போட்டு, நெஞ்சுக்கு நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பை ஐந்து முறை அழுத்த வேண்டும். மறுபடி முதுகில் ஐந்து. வெளியே வரும்வரை அல்லது பிள்ளை அழும்வரை மாற்றி மாற்றி. இதற்குள் பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைத்துவிட வேண்டும். பிள்ளை துவண்டு நினைவிழந்தால் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கிற முதலுதவியைத் தொடங்க வேண்டும், அதையும் கற்றுவையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. தலைகீழாகத் தூக்கி உலுக்குவது, தண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடாது. நான் கேட்காமல் விட்டிருந்தால், அவர் மூன்று முறை செய்ய வைக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னமும் ராத்திரியில் வருகிறது. தயவுசெய்து இதைக் கற்றுக்கொள்ளுங்கள். படித்தால் மட்டும் போதாது, துண்டை வைத்துக் கையால் செய்துபாருங்கள். வீட்டில் பிள்ளையைத் தூக்குகிற எல்லோரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். அந்தப் பெரியவர் எங்களோடு வந்து வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுங்கு மெத்தென்று இருக்கும், பல்லே வேண்டாம், பிள்ளைக்குக் குளிர்ச்சி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். விரலால் அழுத்தினால் மசிகிற சோதனையில் நுங்கும் தேறிவிடும். ஆனால் வழுக்குகிற உருண்டை ஈறில் தங்காது, மெல்ல நேரமே கொடுக்காது. அதனால் அந்தச் சோதனையோடு இன்னொரு கேள்வியையும் இப்போது சேர்த்துக்கொள்கிறேன்: இது வழுக்குமா? நுங்கைத் தோலுரித்துக் கரண்டியால் சுரண்டி மசித்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. ஜூன் முதல் வாரம் அப்படித்தான் கொடுத்தேன். ரசித்துச் சாப்பிட்டாள். நான் சுரண்டும்போது மனைவி அந்தப் பக்கம் வரவே இல்லை.

சில சின்ன விஷயங்கள். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளிலும் சரி, வண்டியில் வாங்கும் நாளிலும் சரி, அவளுக்குக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான், சின்ன டம்ளரில் இரண்டு மடக்கு. டீயில் நனைத்த பிஸ்கட் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பது. டீ, உணவில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது, பிஸ்கட்டில் சர்க்கரை. நாங்கள் கொடுக்கவில்லை. மதியம் பிசைந்தது மிஞ்சினால் எடுத்து வைக்கக் கூடாது. அந்த வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும், மிச்சத்தை நான் சாப்பிட்டுவிடுவேன்.

அளவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்பது மாதத்துக்குமேல் ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி, நாளைக்கு மூன்று நாலு வேளை, வேண்டுமென்றால் இடையில் ஒன்றிரண்டு முறை பழம் மாதிரி ஏதாவது, கூடவே தாய்ப்பால் என்பது பொதுவான கணக்கு. பாப்பா சில நாள் கிண்ணம் முழுசும் கேட்பாள், சில நாள் மூன்று வாய்க்குமேல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதல் இரண்டு வாரம் நான் வாயைப் பிடித்துத் திணித்திருக்கிறேன். அது தப்பு. முகம் திரும்பினால் போதும் என்று அர்த்தம். நிறுத்திய பிறகு சாப்பாட்டு நேரத்து அழுகையும் நின்றது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், தட்டில் உதிர்ந்து கிடந்த ஒரு பருக்கைச் சோற்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கி வாயில் வைத்தாள். அதுவரை உள்ளங்கையால் அள்ளியவள். அன்றிலிருந்து விரல் நீளத் துண்டுகளை விட்டுவிட்டு, பட்டாணி அளவுக்குப் பிய்த்துப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். அரை மணி நேரம் ஆகும். எனக்கு வேறு வேலை இல்லை.

ஜூன் 14 இரவு படகுகள் கிளம்பத் தயாரானதும் கம்பெனியில் இயந்திரம் முழுசாக ஓடத் தொடங்கியது. மறுநாளிலிருந்து எனக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. அம்மாவுக்கு உதவியாக அக்கா மகள் வந்து தங்கியிருக்கிறாள். போவதற்கு முன்னால் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். அம்மாவை மூன்று முறை செய்ய வைத்தேன். மூன்றாவது முறை சரியாகச் செய்துவிட்டு, "எனக்குப் போய்ப் பாடம் எடுக்கிற" என்று சொல்லிக்கொண்டே நாலாவது முறையும் செய்தார்.

முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு, ஐஸ் பார் ஏற்றிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் போன் போட்டேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"கிழங்கான் வாங்குனேன். நான் ஒருக்கா பாத்தேன், இவ ஒருக்கா பாத்தா. ஒரு முள்ளு இருந்துச்சு, எடுத்தாச்சு. நீ சாப்டியா?" என்றார் அம்மா.